உப்புக்கு எதற்கு மரமூடி

செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்கு உப்பு வந்தது, கூரியரில். அட்டைப்பெட்டியைப் பிரித்தால் உள்ளே இன்னொரு பெட்டி. அதற்குள் கீற்றுக் கீற்றாக நறுக்கிய காகிதம், நடுவில் புது மாப்பிள்ளை மாதிரி ஒரு கண்ணாடிக் குப்பி. குப்பிக்கு மரத்தில் மூடி. எந்தக் கடலில் எடுத்தது, எத்தனை பக்குவமாக உலர்த்தியது என்றெல்லாம் ஒரு சீட்டில் அச்சடித்து நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மரக்காணத்து உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். எனக்கு என் மகள் பாப்பா சென்னையிலிருந்து உப்பு அனுப்பியிருக்கிறாள்!

ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. அவ்வளவுதான். நீ பக்கத்தில் இருந்திருந்தால் குப்பியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உப்புக்கு எதுக்குடி மரமூடி? எகிறி ஓடிப்போயிடுமா?" என்று கேட்டிருப்பாய். நீ போய் இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. இன்னமும் எந்தப் பொட்டலத்தைப் பிரித்தாலும் முதலில் உன் குரல்தான் கேட்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம்மைச் சேர்த்து வைத்தது காலை பாசஞ்சரின் லேடீஸ் பெட்டி. விழுப்புரத்தில் ஏறித் திண்டிவனத்தில் இறங்கும் சீசன் டிக்கெட் பெண்களில் நீ ஒருத்தி, நான் ஒருத்தி. நீ வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். நான் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கிளார்க். நம் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சில மாதம் நீ மூத்தவள் என்பதை மட்டும் என்னை மறக்கவே விட்டதில்லை. முதல் நாள் எதிர் சீட்டில் உட்கார்ந்து என் கைப்பையையே பார்த்துக்கொண்டு வந்தாய்.

"ஒசந்த பையா?" என்றாய்.

ஆமாம் என்றேன், கொஞ்சம் மிதப்பாகவே.

"அப்போ ஜிப்பு ஏன் பல்ல இளிச்சிக்கினு இருக்குது?"

பெட்டியே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனால் முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாய்.

நம் பெட்டியில் மட்டும் நடந்த அந்த மூடி ஆட்டத்தை வெளியாட்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் டப்பா கொண்டுவருவாய். ஒன்றில் விலை உயர்ந்த சரக்கு, இன்னொன்றில் மலிவான சரக்கு. எது எது என்று உனக்கு மட்டும் தெரிய, ஒன்றின் அடியில் நகப்பாலிஷில் ஒரு பொட்டு வைத்திருப்பாய். விக்கிரவாண்டியில் டப்பா கைமாற ஆரம்பித்தால் மயிலம் வருவதற்குள் ஒவ்வொருத்தியும் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். பிஸ்கட் வந்தது, மஞ்சள்தூள் வந்தது, முகப்பவுடர், சோப்புத் துண்டு, சேஃப்டி பின் எல்லாம் வந்தன. ஒரு தடவை ஃபினாயிலும் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டே தீர்ப்புச் சொன்னோம். தோற்றவர்கள் சாயங்கால ரயிலில் எல்லோருக்கும் அவித்த வேர்க்கடலை, நம் ஊர் மல்லாட்டை, வாங்கித்தர வேண்டும். மல்லாட்டைக்காரர் நம் பெட்டியைப் பார்த்ததும் கேட்காமலே கூடையை இறக்கிவிடுவார்.

காபிக் கலவரம் நினைவிருக்கிறதா? இரண்டு ஃபிளாஸ்க் கொண்டுவந்தாய். ஒன்றில் பாண்டிச்சேரியில் தங்கக் காகிதம் சுற்றி விற்கிற தூள், இன்னொன்றில் நம் மார்க்கெட்டில் நிறுத்துக் கொடுக்கிற தூள் என்றாய். பெட்டி இரண்டு கட்சியாகப் பிரிந்தது. தபால் ஆபீஸ் அக்கா இடது ஃபிளாஸ்க்தான் உசத்தி என்று சத்தியம் செய்யாத குறை. நான் வலது கட்சி. இடது ஃபிளாஸ்க்கில் புளிப்பு தட்டுகிறது என்றுகூடச் சொன்னேன். திண்டிவனத்தில் இறங்கிப் படியேறும்போதும் சண்டை ஓயவில்லை. சாயங்காலம் ரயிலில் ஏறியதும் நீ தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னாய்: "காலைல கரண்ட் பூட்ச்சிடி. இருட்டுல ரெண்டுலயும் ஒரே காபிய ஊத்திட்டேன். மத்தியானம் ஆபீசுல சட்டுனு ஞாபகம் வந்துது." தபால் ஆபீஸ் அக்கா அப்போதும் விடவில்லை. "இருக்கட்டுமே, இடதுல இருந்ததுதான் நல்லா இருந்துது" என்றார். நாம் சிரித்த சிரிப்பில் மல்லாட்டைப் பொட்டலம் கொட்டிப்போனது.

உன்னைக் கஞ்சம் என்று சொன்னவர்களுக்கு உன்னைத் தெரியாது. உன் கணக்கு ரொம்ப எளிது. "கண்ண மூடிக்கினு வித்தியாசம் தெரிஞ்சா துட்டு குடு. கண்ண தொறந்தாதான் தெரியுதுன்னா நீ அட்டைக்குக் குடுக்கற" என்பாய். சர்க்கரை, தீப்பெட்டி, துடைப்பம், பால்பாயின்ட் பேனா, பாத்திரம் தேய்க்கிற சோப்பு, இதிலெல்லாம் பெயருக்காக நீ ஒரு பைசா கூடக் கொடுத்ததில்லை. ஆனால் ஸ்டேஷன் படிக்கட்டு ஏறி இறங்கும் காலுக்கு நல்ல செருப்பு வாங்குவாய். கேஸ் டியூபில் விளையாடமாட்டாய். பெருங்காயம் என்றால் கடையிலேயே உசத்தியானதுதான். உன் பையைத் திறந்தால் பெட்டி முழுக்க ரசம் வைத்த வீடு மாதிரி மணக்கும்.

உன் கணக்கும் சில சமயம் சறுக்கியது. மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய குடை விழுப்புரம் ஸ்டேஷனில் முதல் காற்றுக்கே பூவாக விரிந்து நின்றது. நீ தொப்பலாக நனைந்து ஏறினாய். "கண்ணை மூடிக்கிட்டே தெரியுதாடி வித்தியாசம்?" என்று கேட்டேன். "வாய மூடிக்கினு துண்ட குடுடி" என்றாய்.

இந்த விளையாட்டிலெல்லாம் நான் முன்னால் நிற்பேன். என் வீட்டு விஷயம் மட்டும் வேறு.

கணவரோடு ஒத்துவராமல் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்தவள் நான். அண்ணனும் அண்ணியும் நல்லவர்கள். ஒரு சுடுசொல் கிடையாது. ஆனாலும் அந்த வீட்டில் பாப்பா தண்ணீர் குடிக்கக்கூட யாரையாவது கேட்டுவிட்டுத்தான் குடித்தாள். குடத்துக்கு முன்னால் நின்று, "அத்த, கொஞ்சம் தண்ணி எடுத்துக்கட்டா?" என்பாள். அதைப் பார்க்க முடியாமல்தான் ரயில்வே காலனிக்குப் பின்னால் ஒரு சின்ன வாடகை வீட்டுக்குப் போனேன். அண்ணனுக்கு அதில் சம்மதம் இல்லை. "ஒரு வருஷம் பாரு. முடியலன்னா கோடை லீவுல வந்துடு. உனக்கு எதுக்கும்மா இந்த பேஜாரு?" என்றார்.

அந்த வீட்டில் எப்படியாவது நிலைத்துவிட வேண்டும். எனக்கு அப்போது வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஆனால் நான் செய்தது எல்லாம் அதற்கு நேர்மாறு. பாப்பாவுக்கு எதிலும் குறை இருக்கக் கூடாது என்று கடையில் எது மேல் தட்டில் இருக்கிறதோ அதையே எடுத்தேன். தலைக்கு ஊற்றும் ஷாம்பூ, பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பாட்டில், பென்சில் டப்பா எல்லாம் உசத்தி. எல்லாவற்றுக்கும் மேலே, பாலில் கலந்து கொடுக்கிற அந்தச் சத்துப் பவுடர். அலமாரியில் வாசலைப் பார்த்து வைத்திருப்பேன், யார் வந்தாலும் கண்ணில் படட்டும் என்று. மாதக் கடைசியில் அண்ணன் வீட்டுப் படியேறிக் கைநீட்டுவேன். அவர் முகம் கோணாமல் கொடுப்பார். கொடுத்துவிட்டு, "லீவு வரட்டும்" என்பார்.

நீ எல்லாவற்றையும் கவனித்திருக்கிறாய். பெட்டியில் பத்துப் பேருக்கு முன்னால் ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒருநாள் நானே, "அடுத்த ஆட்டத்துக்கு சத்துப் பவுடர் கொண்டான்னு யாரும் கேக்காதீங்க, எம்பொண்ணு விஷயத்துல ஆட்டம் வேணாம்" என்று சொல்லிவிட்டேன். நீ தலையை மட்டும் ஆட்டினாய். திண்டிவனத்தில் இறங்கியதும் வக்கீல் ஆபீஸ் பக்கம் திரும்பாமல் என்னோடு பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்து வந்தாய். கேட்டுக்கு முன்னால் நிறுத்தி மெதுவாகக் கேட்டாய்:

"அவ அப்பன் இல்லாத எடத்த டப்பாவ வெச்சி ரொப்பப் பாக்கறியாடி?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மறுநாளிலிருந்து பொதுப்பெட்டியில் ஏறினேன். ஆண்கள் கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பேரணி ஸ்டேஷனில் நீ ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்ப்பதைத் தெரியாதமாதிரி நின்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ என் வீட்டுக்கே வந்துவிட்டாய். கதவைத் திறந்தால் கையில் பெருங்காய வாசனைப் பை, முகத்தில் ஒன்றுமே நடக்காத பாவனை. "ரயில் பெரியம்மா வந்துட்டாங்க!" என்று பாப்பா ஓடிவந்து உன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு மூடி ஆட்டத்தைப் பற்றி எல்லாம் தெரியும். தன்னோடு நீ ஆடியதே இல்லை என்று அவளுக்குப் பெரிய குறை. அன்றைக்கு அவளே பிடிவாதம் பிடித்தாள். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் சமையலறைக்குள் போய்விட்டேன், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டு டம்ளர் வைத்தாய். ஒன்றில் என் டப்பாவிலிருந்து எடுத்த பவுடர், இன்னொன்றில் நீ கொண்டுவந்த மலிவு பவுடர். பாப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்தாள். மூக்கைச் சுளித்தாள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ எனக்கே பரீட்சை வைத்த மாதிரி இருந்தது.

"எதுடா கண்ணு நல்லா இருக்குது?" என்றாய்.

"ரெண்டுமே நல்லா இல்ல பெரியம்மா."

"அப்போ தெனம் எப்படி குடிக்கற?"

பாப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அம்மா கலந்து குடுத்துட்டு எதிர்லயே நின்னுக்கினு இருப்பாங்க. நான் குடிச்சாதான் அவங்க மூஞ்சி சரியாவும். அதுக்கோசரம் குடிப்பேன். அவங்களும் உக்காந்து எங்கூட டீ குடிச்சா நல்லா இருக்கும்."

அப்புறம் நான் அழுதேன். நீ அழாதே என்று சொல்லவில்லை. எழுந்துபோய் டீ போட்டாய். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து குடித்தோம். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து என் பெண்ணோடு நான் உட்கார்ந்து ஒரு வாய் டீ குடித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அவளுக்குக் குறை தெரியக் கூடாது என்று ஓடி ஓடி வாங்கி எதிரில் நின்றேனே தவிர, அவள் பக்கத்தில் உட்காரவே இல்லை.

திங்கட்கிழமை நம் பெட்டிக்குத் திரும்பிவந்தேன். என் இடத்தில் நீ பையை வைத்திருந்தாய், வேறு யாரும் உட்கார்ந்துவிடாதபடி. மேல் தட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக வீட்டை விட்டுப் போயின. ஆளில்லாத சமயத்தில் பாப்பாவும் நானும் கண்ணை மூடிக்கொண்டு சோப்பையும் எண்ணெயையும் மோந்து மோந்து பார்த்து, எது போதும் எது வேண்டும் என்று முடிவு செய்தோம். ஷாம்பூவில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துப் பையில் மட்டும் தெரிந்தது, மட்டமான வார் தோளை அறுக்கிறது என்றாள். பைக்கு மட்டும் நல்ல விலை கொடுத்தோம். அண்ணன் வீட்டுப் படியை அதற்கப்புறம் ஆசையாகப் போய்ப் பார்த்துவிட்டு வரத்தான் ஏறினேன்.

கோடை லீவு விட்டதும் அண்ணன் சொன்னபடி லோடு ஆட்டோவோடு வந்து நின்றார். வெயிலில் முகம் சிவந்து உள்ளே வந்து உட்கார்ந்தார். பாப்பா யாரையும் எதுவும் கேட்கவில்லை. போய்க் குடத்தைத் திறந்து, ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு, முதலில் தான் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு மாமாவுக்கும் ஒரு சொம்பு கொண்டுவந்து நீட்டினாள். அண்ணன் குடித்தார். சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி, நல்லா இருங்க" என்று எழுந்து போய் ஆட்டோக்காரரைத் திருப்பி அனுப்பினார். அன்று மாலை உன்னிடம் ஓடிவந்து சொன்னபோது நீ என் கன்னத்தைக் கிள்ளினாய். வலித்தது. அத்தனை சந்தோஷமாக இருந்தது.

இவ்வளவு கற்றுக்கொண்ட பின்னாலும் புத்தி போகவில்லை பார். உன்னை முண்டியம்பாக்கத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நான் என்ன செய்தேன்? லீவு போட்டுவிட்டுப் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினேன். ஒவ்வொன்றாகப் பஞ்சு வலையில் உட்காரவைத்து, ஸ்டிக்கர் ஒட்டிய ஆப்பிள், ஒரு பெட்டி வாங்கினேன். வெறுங்கையோடு நோயாளியைப் பார்க்கப் போகக் கூடாதே என்று. நான் வார்டுக்கு வந்துசேர்ந்தபோது பார்வையாளர்களை வெளியே போகச் சொல்லி மணி அடித்துவிட்டார்கள். நர்சிடம் கெஞ்சிக் கொஞ்ச நேரம் வாங்கினேன்.

நீ பெட்டியைப் பார்த்தாய். இளைத்துப்போன விரலால் ஒரு ஸ்டிக்கரைச் சுரண்டினாய்.

"பாண்டிக்கா பூட்டு வர்ற?"

"ஆமா."

"காலையிலேர்ந்து கதவையே பாத்துக்கினு இருந்தேண்டி. அந்த நேரத்துக்கு ஜல்தியா வந்து இங்க உக்காந்திருக்கலாமில்ல?"

உன் வாயிலிருந்து எத்தனையோ வார்த்தை வாங்கியிருக்கிறேன். இதைப் போல ஒன்று என்னை அடித்ததில்லை. மறுநாளிலிருந்து சாயங்கால ரயிலில் விழுப்புரம் வரைக்கும் வராமல் முண்டியம்பாக்கத்திலேயே இறங்கி நேராக உன்னிடம் வந்தேன். கையை வீசிக்கொண்டு வந்தேன். முதல் இரண்டு நாள் கூச்சமாக இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் என் கையைத்தான் பார்த்தார்கள். நீ தள்ளிப் படுத்து இடம் விட்டாய். ரயில் பெட்டியில் யார் யாரோடு சண்டை, தபால் ஆபீஸ் அக்கா புதிதாக எதற்குச் சத்தியம் செய்தார் என்று எல்லாம் கேட்டுக் கேட்டுச் சிரித்தாய். ஒரு சாயங்காலம் நீ தூங்குகிறாய் என்று நினைத்துச் சத்தமில்லாமல் கட்டில் பக்கத்தில் நின்றேன். கண்ணைத் திறக்காமலே, "நின்னது போதும், உக்காருடி" என்றாய். கண்ணை மூடிக்கொண்டே நான்தான் என்று தெரிந்துகொண்டாயே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இனி பாப்பா விஷயம். படித்து முடித்தாள், சென்னையில் வேலை கிடைத்தது, ஹாஸ்டலில் இருக்கிறாள். கெட்டிக்காரி. ஆனால் சில மாதங்களாக வீட்டுக்கு வருவது குறைந்து, கூரியர் வருவது கூடிவிட்டது. உசத்தியான படுக்கை விரிப்பு வந்தது. கைக்கு ஒரு சோப்பு, காலுக்கு ஒரு சோப்பு வந்தது. தரை துடைக்க ஒரு சாமான் வந்தது, அதை எப்படிப் பிடிப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கடைசியில் இந்த உப்பு. குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இது அவள் வியாதி இல்லை. என்னுடையது, அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது. அம்மாவைத் தனியாக விட்டுவிட்டோமே என்று அந்த இடத்தில் பெட்டி பெட்டியாக அடுக்குகிறாள்.

உன்னை மாதிரி பக்குவமாகச் சொல்ல எனக்கு வராது. போனில் கேட்டேன்: "ஏண்டி பாப்பா, உப்பு வாங்கத் தேடினியே, எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ராத்திரி ஒரு ரெண்டு மணி நேரம் பாத்தேம்மா. ரிவ்யூ எல்லாம் படிச்சி, நல்லதா பாத்து வாங்கினேன். ஏன், நல்லா இல்லியா?"

"நல்லா கரிக்குது. அந்த ரெண்டு மணி நேரம் எங்கிட்ட போன்ல பேசியிருக்கலாமில்ல?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "உன்ன தனியா விட்டுட்டு வந்துட்டேன்ல. வெறுங்கையோட எப்படிம்மா வந்து நிக்கறது?" என்றாள். என் பெண் என்னைப் பார்க்க வருவதற்கு வாசலில் நின்று அனுமதி கேட்கிற மாதிரி இருந்தது. "வந்து நில்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றேன்.

இன்று காலை வந்தாள். ஸ்டேஷனுக்குப் போய் நின்றிருந்தேன். கூட்டத்தோடு இறங்கித் தயங்கித் தயங்கி நடந்து வந்தாள், தோளில் ஆபீஸ் பை மட்டும். கிட்டே வந்ததும் முதல் வார்த்தை, "ஒண்ணும் வாங்கினு வரலம்மா" என்றாள், பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி. அவளைக் கட்டிக்கொண்டேன். பிளாட்பாரத்து பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். வீட்டுக்குப் போகலாம் என்று இரண்டு பேருக்கும் வெகுநேரம் தோன்றவே இல்லை. அடுத்த ஞாயிறும் வருகிறேன் என்றிருக்கிறாள்.

இப்போது உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறாள். நான் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியும். ரயில் பெரியம்மாவுக்கு என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியதை எழுதுகிறேன் என்றேன். அது பெரிதாக ஒன்றும் இல்லை. யாரையாவது பார்க்க வேண்டும் என்று மனசுக்குத் தோன்றினால், இப்போதெல்லாம் நான் கடைக்குப் போவதில்லை. நேராக ஸ்டேஷனுக்குப் போகிறேன்.